இருநூற்றுப் பதினொரு அட்டைகள்

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, நூலகத்தின் புதிய இணையதளத்தில் தண்ணீர்க் குழாய்ப் பணியாளர் சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு மலரைத் தேடிய கேட்டலாக் அக்காவுக்கு, தன் நாத்தனார் வீட்டுச் சமையல் புத்தகம் கிடைத்தது.

தலைப்பு சரியாகத்தான் இருந்தது. சங்கம், ஆண்டு, எண்பத்து நான்கு பக்கம், எல்லாம் அவள் கையால் அடித்தது. ஆனால் பக்கத்தில் அட்டைப்படம் வரவேண்டிய கட்டத்தில் ஒரு நீலக் கிண்ணம், அதற்குள் ஒரு மரக்கரண்டி, மேலே மஞ்சள் எழுத்தில் 'அரை மணியில் அடுப்படி'. கீழே நாலு வரிச் சுருக்கம். வேலைக்குப் போகும் பெண்கள் அடுப்பு முன்னால் அதிகம் நிற்காமல் எப்படிச் சமாளிக்கலாம் என்று குழாய்ப் பணியாளர் சங்கம் எடுத்துச் சொல்கிறதாம்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கிண்ணம் அங்கேயே இருந்தது.

அவளை எல்லோரும் கேட்டலாக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டியல் பிரிவில் பதினேழு வருஷம். அவளைவிட ஆறு வயது மூத்த காவலாளிகூட 'அக்கா' என்பார். புத்தகம் வந்தால் பிரித்து, தலைப்பு, ஆசிரியர், பக்கம் என்று கணினியில் ஏற்றுவது அவள் வேலை. பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு முதல் பெயராக அவள் பெயரைத்தான் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்கு அனுப்பப்போவதாகப் பெரிய சார் சொல்லியிருந்தார். அதே வெள்ளிக்கிழமை புதிய தளத்தின் திறப்பு விழா. அதுவரை ஊழியர்கள் எல்லோரும் தேடிப் பார்த்துக் குறை இருந்தால் எழுதித் தரவேண்டும் என்று உத்தரவு.

குறை என்றால் இதை எப்படி எழுதுவது? அவள் அடுத்ததைத் தேடினாள். 'பொது மயான விதிகளும் கட்டுப்பாடுகளும்', முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் பிரித்துப்போட்ட டீசல் இன்ஜின். அவள் கணவர் வேன் மெக்கானிக். அதே புத்தகம் கிரீஸ் விரல் பதிந்து வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. மூன்றாவதாக, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சொந்தச் செலவில் அச்சடித்த 'நான் நடந்த தெருக்கள்'. அதற்கு வந்த அட்டை 'சர்க்கரையோடு சமாதானம்'. மாமியாருக்குச் சர்க்கரை வந்தபோது வாங்கியது.

ஒன்று என்றால் ஏதோ தற்செயல் என்று விட்டிருப்பாள். மூன்றும் தன் வீட்டு மனுஷர்கள் புத்தகம். உலகத்தில் இத்தனை கோடிப் புத்தகம் இருக்க, தளம் எப்படித் தேடிப் பிடித்து இந்த மூன்றைக் கொண்டுவந்தது?

"வயரு, கொஞ்சம் இங்க வா."

வயர் என்பது ஒப்பந்தத்தில் வந்திருக்கும் கணினிப் பெண். எப்போதும் கழுத்தில் ஒரு கேபிளை மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவாள். இருபத்தாறு வயது. பெயர் ஒட்டியதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. "மோடம்னு வைக்காம விட்டீங்களே" என்று சொல்லிவிட்டாள்.

"இது என்னது?"

"அட்டைப்படம்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? யாரு போட்டா?"

"யாரும் போடல. தானா வருது. வெளி சர்வீஸ்."

"வெளின்னா எங்க?"

"வெளின்னா... வெளிதான்க்கா. நம்மகிட்ட பேரு, பக்கம், அலமாரி எண், இவ்வளவுதான இருக்கு. படத்துக்கும் சுருக்கத்துக்கும் ஒரு கம்பெனியோட நம்ம தளத்த இணைச்சிருக்கோம். நீங்க தேடினா நம்ம தளம் அவங்ககிட்ட கேக்கும். அவங்க அனுப்புவாங்க. நீங்க கண்ணச் சிமிட்டறதுக்குள்ள போய்ட்டு வந்துடும்."

"சரி. அந்தக் கம்பெனி எங்க வீட்டுக்கு எப்ப வந்துச்சு?"

வயர் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பொருத்தறதுல கோளாறுக்கா. நாம பதிவு முழுசையும் அனுப்பறோம். எத வச்சுப் பொருத்தறாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும். நான் வரதுக்கு முன்னாடியே போட்ட இணைப்பு. எழுதிக் குடுங்க, அனுப்பிடறேன்."

அக்கா எழுதிக் கொடுத்தாள். 'படம் பொருந்தவில்லை' என்று மட்டும் எழுதினாள். 'படத்தில் இருப்பவை என் வீட்டுப் புத்தகங்கள்' என்று எழுத யாருக்குத்தான் கை வரும்?

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூட இறக்காமல் அலமாரி முன்னால் போய் நின்றாள். டீசல் இன்ஜின் இருந்தது. சர்க்கரை இருந்தது. கணவர் சோப்புக் கையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, கொத்தனார் மாதிரி செவுத்த அளக்கற?"

"ஏங்க, நீங்க இந்த அலமாரிய எப்பவாவது போன்ல போட்டோ எடுத்தீங்களா?"

"அலமாரியவா? உன்னையே நான் எடுத்ததில்லன்னு போன வாரம் சண்ட போட்ட."

"விளையாடாதீங்க. யாருக்காவது அனுப்பினீங்களா?"

"டீசல் இன்ஜின் படத்த யாருக்கு அனுப்புவேன்? எனக்கென்ன கூடப் படிச்ச காதலியா இருக்கா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பாதியிலேயே அவர் முகமும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் போன் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பட்டறையில் ஒருவன் சொன்னானாம். டயர் என்று வாயால் சொன்னால் போதும், டயர் விளம்பரம் வருகிறதாம். ஆனால் மயான விதிக்கு ஏன் இன்ஜின் வரவேண்டும் என்பதற்கு அந்த ஒருவனிடமும் பதில் இருக்காது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு அவர் தன் போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

செவ்வாய்க்கிழமை இன்னும் எண்பது பதிவுகளைத் தேடினாள். கடையில் வாங்கிய புத்தகங்களுக்கெல்லாம் படம் கச்சிதமாக வந்தது. கிறுக்கெல்லாம் உள்ளூர் அடுக்கில்தான். சங்க மலர், பள்ளி ஆண்டறிக்கை, தனி மனிதர்கள் சிறு அச்சகத்தில் நூறு பிரதி போட்ட புத்தகம் என்று வெளியே எந்தக் கடையிலும் கிடைக்காத சின்ன வெளியீடுகளைப் பெட்டி பெட்டியாகப் போட்டுக் கீழ்த்தள அறையில் வைத்திருப்பார்கள். அதற்குப் பேர்தான் உள்ளூர் அடுக்கு. மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. முடிதிருத்துவோர் சங்க விதிகளுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். ஒரு செவிலியர் எழுதிய பிரசவக் குறிப்புகளுக்கு வீட்டிலேயே மீன்தொட்டி வளர்ப்பது எப்படி என்று ஒரு அட்டை. மீன்தொட்டி முன்பு குடியிருந்த வீட்டின் மாடிக்காரர்கள் வைத்திருந்தது. அந்தப் புத்தகமும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டைக் காலி செய்தே ஏழு வருஷம் ஆகிறது.

புதன்கிழமை காலையில் பெரிய சார் எல்லோரையும் கூப்பிட்டார். தலைமை நூலகர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், கையெழுத்துக்கு மட்டும் யாரிடமாவது நான்காவது கேட்பார். முகம் மலர்ந்திருந்தது.

"நான் காரசாரமா ஒரு கடிதம் போட்டேன். மேலிடத்துக்கும் நகல். கம்பெனிக்காரங்க இன்னிக்கி மன்னிப்புக் கேட்டுட்டாங்க." அவர் வாசித்துக் காட்டினார். "உங்கள் தலைப்புகளும் எங்கள் அட்டைகளும் ஒத்துப்போகாததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். வியாழன் மாலை நான்கு மணிக்கு, பொருந்தாத பதிவுகள் அனைத்திலும் எங்கள் தலைப்பு, ஆசிரியர் விவரங்களை ஏற்றிச் சரிசெய்துவிடுவோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் பழக்க தோஷத்தில் ஆட்டிவிட்டாள். ஆட்டின தலை பாதியில் நின்றது.

வெளியே வந்து வயரைப் பிடித்தாள். "அவங்க தலைப்ப ஏத்தறாங்கன்னா, நம்ம தலைப்பு?"

"போயிடும்."

"போயிடும்னா?"

"மேல எழுதிடுவாங்கக்கா. நீலக் கிண்ணம் படத்துக்குப் பக்கத்துல 'அரை மணியில் அடுப்படி'ன்னே வந்துடும். படமும் பேரும் ஒத்துப்போயிடும்ல?"

"ஒத்துப்போகும். ஆனா பெட்டிக்குள்ள இருக்கறது குழாய்க்காரங்க மலரு."

வயர் கழுத்துக் கேபிளைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள். "நிச்சயமா மலரு தானாக்கா? டைப் அடிக்கும்போது மாறிப்போயிருந்தா? கம்பெனி அப்படித்தான் நெனக்குது. ஒண்ணு ரெண்டுன்னா அவங்க தப்பு. இருநூத்துச் சொச்சம்னா நம்ம தப்பாத்தான் இருக்கும்னு."

அந்த நொடியில் கேட்டலாக் அக்காவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பதினேழு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகச் செய்த வேலை. ஒருவேளை இருநூற்றுப் பதினொன்றையும் தூக்கத்தில் அடித்தோமா? சாவியை வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். ஒன்பதாம் பெட்டியைத் திறந்தாள். மலர் இருந்தது. பழுப்பு அட்டை, இரண்டு பின், நடுவில் குழாய் முறுக்கியைப் பிடித்த ஒரு கை. மயான விதி இருந்தது. தபால்காரர் இருந்தார். எல்லாம் அவள் அடித்தபடியே இருந்தது. ஆக, தலைப்பு சரி. அப்படியென்றால் படம் எங்கிருந்து? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் ஒரு பெண்மணி வந்திருந்தார். செத்துப்போன அப்பா குழாய்ப் பணியாளராக இருந்ததற்கு வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை, ஓய்வூதிய அலுவலகத்தில் ஆதாரம் கேட்கிறார்கள் என்று அழாத குறை. அக்கா சங்கத்தின் பேரை அடித்து, மலரை எடுத்து, நாற்பத்தோராம் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலைக் காட்டினாள். பத்தே நிமிஷம். நாளை நான்கு மணிக்கு மேல் அதே பேரை அடித்தால் ஒன்றும் வராது. பழைய கைப்பேரேடுகளைக் கணினிமயமானபோதே கழித்துக்கட்டியாகிவிட்டது. 'அரை மணியில் அடுப்படி' என்று தேடினால்தான் மலர் கிடைக்கும். யார் தேடுவார்கள்?

அன்று மாலை வேறு வழி தெரியாமல் நாத்தனாருக்குப் போன் போட்டாள். கணவரின் தங்கை. பேச்சில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்தே வரும்.

"உன்கிட்ட 'அரை மணியில் அடுப்படி'ன்னு ஒரு புத்தகம் இருக்குமே, நீலக் கிண்ணம் போட்டு."

"இருக்கு அண்ணி. ஏன், திரும்பவும் சோதனை போட வரீங்களா?"

"சோதனையா?"

"பின்ன? ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வந்தீங்களே. ஒரு சிட்டைய வச்சுக்கிட்டு, என் அலமாரியில இருக்கற புத்தகம் ஒண்ணு விடாம திருப்பித் திருப்பிப் பின்னட்டையப் பாத்து எழுதிட்டுப் போனீங்க. நூலகத்துப் புத்தகத்த நான் சுட்டு வச்சிருக்கேனான்னுதான பாத்தீங்க? அன்னிக்கி ராத்திரி நான் அழுதேன் தெரியுமா? அதுக்கப்புறந்தான் மூணு மாசம் உங்ககூடப் பேசல."

"அதுக்காகவா பேசல? நான் உன் பையன் பிறந்தநாளுக்கு வரலன்னு கோவமோன்னு நெனச்சேன்."

"அதுக்கும் கோவந்தான். அது வேற கணக்கு."

போனைக் காதில் வைத்தபடியே அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னட்டை. சிட்டை. ஒன்பது வருஷம்.

அப்போது பதிவுகளை எல்லாம் முதன்முதலாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதக் கெடு. படிவத்தில் புத்தக எண் என்று ஒரு கட்டம். கடைப் புத்தகங்களின் பின்னட்டையில் கோடு கோடாக இருக்கும் பட்டைக்குக் கீழே பதின்மூன்று இலக்கம் இருக்குமே, அது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிவு ஏறாது. உள்ளூர் அடுக்கில் எதற்கும் எண் கிடையாது. சும்மா ஏதோ பதின்மூன்று இலக்கம் போட்டுப் பார்த்தாள். கடைசி இலக்கம் மற்றதோடு கணக்கில் ஒத்துப்போகவில்லை என்று படிவம் துப்பிவிட்டது. நூலகத்திலிருக்கும் வேறு புத்தகத்தின் எண்ணைப் போட்டாள். ஏற்கெனவே இருக்கிறது என்று அதையும் துப்பியது. ஆக, நிஜ எண் வேண்டும், ஆனால் நூலகத்தில் இல்லாத புத்தகத்தின் எண்ணாக இருக்கவேண்டும். அவள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தாள். அது நாற்பதில் தீர்ந்தது. பிறகு நாத்தனார் வீடு, மாடிக்காரர்கள் வீடு, பேருந்து நிலையத்துப் புத்தகக் கடை. கடைக்காரர் பத்தாவது நாள் "வாங்கறதா இருந்தா வாங்கும்மா" என்று விரட்டியதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

ஞாபகம் வராமல் போனதற்குக் காரணம் மறைக்கவேண்டும் என்பதல்ல. அது அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. ஓட்டையில் துணி அடைப்பது மாதிரி, படிவத்தின் வாயை அடைக்க ஒரு எண். அந்த எண் ஒருநாள் எழுந்து வெளியே போய், தனக்குச் சொந்தமான படத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும் என்று யார் கண்டது?

"அண்ணி, இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ திருடலம்மா. நாந்தான்."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன்."

வியாழக்கிழமை காலையிலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய சார் பத்து மணிக்குக் கூட்டத்தில் இருந்தார், அது உண்மை. பதினொன்றரைக்கு வெளியே வந்தார், அதுவும் உண்மை. அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். நாளைக்கு மேலிடத்துக்குப் பட்டியல் போகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. கம்பெனியே மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. படமும் பேரும் ஒத்துப்போகும், விழா நடக்கும், அவள் பிரிவுத் தலைவர் நாற்காலியில் உட்காருவாள். பெட்டிக்குள் இருநூற்றுப் பதினொரு பேர் வேறு யாருடைய பேரிலோ படுத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

பதினேழு வருஷமும் அவளுக்குப் பெருமை என்று ஒன்றுதான் இருந்தது. அவள் பதிவில் எழுதியது பெட்டியில் இருக்கும். அந்தப் பெருமையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதில் ஓட்டை போட்டவள் நான்தான் என்று சொல்லவேண்டும். இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. மூன்று பத்துக்குக் கால் தானாக எழுந்தது. மனசு பின்னால் வந்தது.

பெரிய சார் கம்பெனியோடு போனில் இருந்தார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், எல்லாம் தயார், நான்கு மணிக்கு ஏற்றிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் வயர் நின்றிருந்தாள்.

"சார், ஏத்த வேண்டாம்."

"உட்காருங்கம்மா. எத?"

"தலைப்பெல்லாம் சரி சார். எண்ணுதான் தப்பு. நான் போட்டது." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அலமாரி, நாத்தனார், மீன்தொட்டி, கடைக்காரர் விரட்டியது வரை. தேவையில்லாததெல்லாம் வந்தது, நிறுத்த முடியவில்லை.

பெரிய சார் முகத்தில் ஈயாடவில்லை. வயர்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அவங்க எண்ண வச்சுத்தான் பொருத்தறாங்களா?"

"ஆமாம் மேடம், எண்ண வச்சு மட்டும்தான்," என்றது ஒலிபெருக்கி. "அதான முறை."

பெரிய சார் போனைப் பார்த்துக் குனிந்தார். "அப்ப உங்க மேல தப்பே இல்லையா?"

"இல்லங்க சார்."

"பின்ன எதுக்கும்மா மன்னிப்புக் கேட்டீங்க?"

"நாங்க முதல்ல மன்னிப்புக் கேட்டுடுவோம் சார். அப்புறந்தான் என்னன்னு பாப்போம்."

பெரிய சார் நாற்காலியில் சாய்ந்தார். காரசாரமான கடிதம், மேலிடத்துக்குப் போன நகல், எல்லாம் அவர் கண்ணில் வரிசையாக வந்து போனது தெரிந்தது. "ஏம்மா, படிவம் காலியா ஏறலன்னா எங்கிட்ட வந்து சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"வந்தேன் சார்."

"வந்தீங்களா?"

"'ஏதாவது போட்டு முடிங்கம்மா, கெடு நெருங்குது'ன்னு சொன்னீங்க."

"நானா?"

அவர் நிஜமாகவே யோசிப்பது போலத்தான் இருந்தது. மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட மோசம், அவர் அப்படி யோசிக்க யோசிக்க அவளுக்கே சந்தேகம் வந்தது. சொன்னது இவரா, அப்போதிருந்த பிரிவுத் தலைவரா? சன்னல் பக்கம் நின்றபடி யாரோ சொன்னார்கள். சட்டையில் பேனா இருந்ததா?

"சார், மூணு இருபத்தஞ்சு," என்றாள் வயர்.

ஒலிபெருக்கி விளக்கியது. நிறுத்தலாம். ஆனால் வேலை ஏற்கெனவே அவர்கள் பக்கம் வரிசையில் போய் நிற்கிறது. நூலகத்திலிருந்து எழுத்தில் வரவேண்டும், தவறு எங்கே என்ற காரணத்தோடு, ஒருவர் கையெழுத்தோடு, நான்கு மணிக்கு முன்னால்.

பெரிய சார் தன் மூன்று பேனாக்களையும் தடவிப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் காரசாரமான கடிதத்தை அவரே விழுங்கினது மாதிரி ஆகும். அக்காவுக்கு அது புரிந்தது. அதற்காக அவர்மேல் கோபம் வரவேண்டும் என்றும் தோன்றியது, ஆனால் கோபம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

"நான் எழுதித் தரேன் சார். என் பேர்ல."

"நாளைக்குப் பட்டியல் போகுதும்மா." மெதுவாகத்தான் சொன்னார்.

"தெரியும் சார்."

வயரின் மேசையில் உட்கார்ந்து அடித்தாள். பதினேழு வருஷத்தில் மற்றவர்கள் எழுதியதைத்தான் பதிவு செய்திருக்கிறாள். தானாக ஒரு வாக்கியம் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. 'ஏதாவது போட்டு முடிங்க' என்ற வரியை ஒருமுறை அடித்தாள். சொன்னது யார் என்று உறுதியாகத் தெரியாததால் அழித்தாள். பெட்டியில் இல்லாததைப் பதிவில் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. உள்ளூர் அடுக்கின் எண்கள் அனைத்தும் என்னால் இடப்பட்ட பொய் எண்கள், தலைப்புகள் சரியானவை, ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றையும் பெட்டியோடு ஒப்பிட்டுத் தருகிறேன் என்று முடித்தாள். வயர் அனுப்பினாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு 'நிறுத்தப்பட்டது' என்று பதில் வந்தது. அதிலும் முதல் வரியில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

வயர் எண் கட்டத்தைக் கட்டாயம் இல்லாததாக மாற்றி, இருநூற்றுப் பதினொன்றிலும் எண்ணை உருவி எடுத்தாள். நீலக் கிண்ணம் போனது. இன்ஜின் போனது. மீன்தொட்டி போனது. எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் கட்டம், 'படம் இல்லை'.

வெள்ளிக்கிழமை விழாவில் பெரிய சார் பேசினார். வந்தவர்களில் ஒருவர் சாம்பல் கட்டத்தைக் காட்டி, இதெல்லாம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டார். "அது உள்ளூர் சேகரம்" என்று பெரிய சார் சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்குப் பட்டியல் மேலிடத்துக்குப் போனது. முதல் பெயர் வேறொருவருடையது. பெரிய சார் அதை அவளிடம் நேரில் வந்து சொன்னார். சொல்லிவிட்டும் போகாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கி நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?" என்றார்.

"எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு சார்," என்றாள் அவள். அது உண்மை.

மத்தியானம் வயர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தாள். யாரும் அனுப்பவில்லை. விழாவில் தந்த தேநீர் நன்றாயில்லை, அதனால் வந்தேன் என்றாள். இரண்டு பேரும் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். வயர் திரையிலிருந்து தலைப்பைப் படிப்பாள், அக்கா பெட்டியிலிருந்து எடுத்து "இருக்கு" என்பாள். தூசியில் இருவருக்கும் மாறி மாறித் தும்மல். மாலைக்குள் முப்பத்து நான்கு முடிந்திருந்தது.

"இத முதல் நாளே எங்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்," என்றாள் வயர்.

"கேட்டேன். வெளின்னா எங்கன்னு கேட்டேன். வெளின்னா வெளிதான்னு சொன்ன."

வயர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அக்கா, வருத்தமா இருக்கா?"

கேட்டலாக் அக்கா யோசித்துப் பார்த்தாள். நெஞ்சுக்குள் தேடினாள். அந்த நாற்காலி போய்விட்டது என்பது இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே வேறு என்னவோ ஒன்றும் இருந்தது, லேசாக. அதற்கு என்ன பேர் போடுவது என்று தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேன்."

"யார்கிட்ட?"

"அதான் தெரியல. நீ அடுத்தத படி."